கையோடு எடுத்துப்போக ஒரு வரி

இளைஞர் சிந்தனை மாநாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். இளைஞர்கள் கீழே உட்கார்ந்து கைதட்டுவார்கள், சிந்தனை மேடையில் நடக்கும்; அப்படி ஒரு ஏற்பாடு. மேடை ஏறுகிறவருக்கு வயது வரம்பெல்லாம் கிடையாது. அந்த வருஷம் பேசக் கூப்பிட்டிருந்தவர்களில் ஒருத்தி முன்பல் விழுந்து இன்னும் முளைக்காத சிறுமி; மழைத்தண்ணீரை அளக்க என்னவோ கருவி செய்திருந்தாளாம். இன்னொருவர் ஓய்வுபெற்ற நீதிபதி. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். பனிமலை ஏறிக் கால்விரல்களைத் தொலைத்துவிட்டு வந்த மனிதர் ஒருவர். இவர்களோடு சேர்த்துத் துணையக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள்.

துணையக்கா பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை படுக்கை விரிப்பும் தலையணை உறையும்தான் அவளுக்கு உலகம். இயந்திரங்கள் போடுகிற இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். அப்படிப்பட்டவளை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்ல யாருக்குத் தோன்றும்? ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் செய்கிற காரியம் ஒன்று இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நோயாளி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர் கேட்டால் தருவாள். கை நீட்டினால் பிடித்துக்கொள்வாள். மற்றபடி சும்மா இருப்பாள். துணைக்கு வர்ற அக்கா, துணைக்கு வர்ற அக்கா என்று வார்டில் சொல்லிச் சொல்லி அது துணையக்கா என்று ஆகிவிட்டது. வார்டு டாக்டரம்மா யாரிடமோ சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, கடைசியில் மாநாட்டுக்காரர்கள் வீடு தேடியே வந்துவிட்டார்கள்.

அவள் ஏன் அங்கே போய் உட்காருகிறாள் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். அங்கேதான் அவளுடைய ஒரே மகள் போய்ச் சேர்ந்தாள். காலேஜ் போன பிறகும் வீட்டில் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று படுத்தவளுக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சுத் திணறி, ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தது துணையக்கா மட்டும்தான். பாப்பாவின் அப்பா பஸ் டிரைவர். 'பயப்பட ஒண்ணும் இல்லை, தேறிடும்' என்று டாக்டர்கள் சொன்னதை நம்பி அன்றைக்குத் தூரத்து ஊர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது துணையக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் வண்டி ஓட்டவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை நடுங்கியது. டிப்போவில் நல்ல மனசு பண்ணி, கேட்டைத் திறந்து மூடுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், சமையலறை வாசலில் வந்து நிற்பார். தினமும் ஒரே கேள்விதான்.

"கடைசியா என்னதான் சொன்னா?"

"என் செருப்பு எங்கேன்னு கேட்டா."

"அப்புறம்?"

"கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு, வீட்டுக்குப் போகும்போது எடுத்துத் தரேன்னு சொன்னேன். சரின்னா. கண்ணை மூடிக்கிட்டா."

"என்னைக் கேக்கலையா?"

"கேக்கலைங்க."

"நல்லா யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுட்டேங்க."

அவ்வளவுதான். கேள்வியும் மாறாது, பதிலும் மாறாது. என்றைக்காவது ஒரு நாள் வேறு பதில் வந்துவிடாதா என்று அந்த மனுஷன் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பொய் சொன்னால் போதும், மனுஷன் நிம்மதியாகச் சாப்பிடுவார். "சொல்லித் தொலையேன்டி, என்ன குடியா முழுகிடப் போகுது?" என்று சலவைக்கூடத்துத் தோழி ஒருத்தி காதோடு காதாகத் திட்டவும் செய்தாள். துணையக்காவுக்கு மனசு வரவில்லை. பாப்பாவின் துணிமணியைக் கொடுத்தாயிற்று. புத்தகங்களைக் கொடுத்தாயிற்று. பாப்பா தன் வாயால் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம். அதில் போய்க் கை வைப்பதா? நல்லதோ கெட்டதோ, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் நடுவில் பொய் கலக்காமல் இருந்தது அது ஒன்றுதான். அவர் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு வலிக்கும். ஆனாலும் உள்ளதைத்தான் சொல்வாள்.

பேசுகிறவர்களைத் தயார் பண்ண மாநாட்டுக்காரர்கள் ஒரு பெண்ணைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் அவளைக் கோச் என்றார்கள். துறுதுறுவென்று இருப்பாள், யார் எதைச் சொன்னாலும் முதலில் "சூப்பர்!" என்பாள், அப்புறம் அதில் பாதியை வெட்டுவாள். நீதிபதி ஐயா எழுதிக்கொண்டு வந்ததை வெட்டு வெட்டென்று வெட்டி, கடைசியில் அவர் பெயரையும் இரண்டு சம்பவங்களையும் மட்டும் விட்டுவைத்தாள். பாவம் மனுஷன், எத்தனையோ வக்கீல்களின் வாயை அடைத்தவர், இந்தச் சின்னப் பெண்ணிடம் ஒரு வார்த்தை பேச முடியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாநாட்டுக்கு என்று சில சட்டதிட்டங்கள் இருந்தன. கையில் காகிதம் கூடாது. மேடை நடுவில் விரித்திருக்கிற வட்டக் கம்பளத்தை விட்டு இறங்கக் கூடாது. காலடியில் ஒரு சின்னத் திரை நேரத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பேச்சு எதைப் பற்றியதாக இருந்தாலும் சரி, முடிக்கிற வரி ஒன்று வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குக் கையோடு எடுத்துப்போக ஒரு வரி. அதைச் சொல்லும்போது பின்னால் இருக்கிற பெரிய திரையில் அந்த வரி கொட்டை எழுத்தில் வரும். முன்பல் இல்லாத குட்டிப்பெண்ணுக்குக்கூட ஒரு வரி இருந்தது. அதில் பாதி எழுத்து அவள் வாயில் நிற்காமல் காற்றாகப் போனது.

துணையக்கா நடந்ததை நடந்தபடியே பேசுவதாகத்தான் இருந்தாள். ஒத்திகை ஒரு கல்லூரி வகுப்பறையில் நடந்தது. மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சேவைக்கு வந்திருந்த மாணவர்கள் கூட்டம் தரையில் உட்கார்ந்து கேட்டது. அவள் தட்டுத்தடுமாறி வார்டைப் பற்றிச் சொன்னாள், ஸ்டூலைப் பற்றிச் சொன்னாள், பாப்பாவிடம் வந்தாள். "கடைசியா அவ என் செருப்பு எங்கேன்னு கேட்டா" என்று சொன்னதும், பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டான். அவனைப் பார்த்து இன்னொருத்தி. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். கெட்ட பிள்ளைகள் இல்லை. சோகமாகவே கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் திடீரென்று செருப்பு வந்து விழுந்ததும் வாயை அடக்கத் தெரியாத வயசு. உடனே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் சிரித்த சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா? துணையக்காவுக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது. தன் பிள்ளையை நடுவீதியில் நிறுத்தி நாலு பேர் கேலி செய்ததுபோல் உடம்பெல்லாம் எரிந்தது.

கோச் அந்தப் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வந்து, துணையக்கா பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. செருப்பு வேண்டாம்க்கா. இந்த ரூமுக்குள்ளேயே சிரிக்கிறாங்க. ஹால் நிறைய ஆள் இருக்கும்போது ஒருத்தன் ஆரம்பிச்சான்னா மொத்தமும் சிரிச்சிடும்."

"நடந்தது அதுதானேம்மா."

"அது உங்களுக்குத் தெரியும்க்கா. பாப்பா மனசுல என்ன இருந்துச்சுங்கிறதுதான் அவங்களுக்குத் தெரியணும். நான் ஒண்ணு கேக்கறேன். பாப்பா அப்போ தனியாவா இருந்தா?"

"தனியா எப்படி? நான்தான் பக்கத்துல இருந்தேனே."

"அது அவளுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?"

"தெரியாம? என் கையைத்தானே பிடிச்சுக்கிட்டு இருந்தா."

"அப்பா வந்து நின்னிருந்தா அவர்கிட்ட என்ன சொல்லியிருப்பா? பயப்படாதேப்பா, நான் தனியா இல்லைன்னு சொல்லியிருப்பா. ஆமாவா இல்லையா?"

"சொல்லியிருப்பா…"

"அதைத்தான்க்கா நாம சொல்லப் போறோம். அவ சொல்ல நினைச்சதை."

பச்சைப் பொய்க்குச் சட்டை தைத்துப் பொத்தானும் போட்டுக் கொடுத்துவிட்டாள் அந்தப் பெண். கெட்டவளாக இருந்தால் துணையக்கா முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லியிருப்பாள். கோச் நல்லவள், சொல்லும்போது அவள் கண்ணே கலங்கியிருந்தது. வந்த வினையே அதுதான். 'அப்பா வந்தா சொல்லும்மா, நான் தனியா இல்லைன்னு.' இதுதான் முடிக்கிற வரி என்று முடிவானது.

துணையக்கா ஒத்துக்கொண்டதற்கு முதல் காரணம் அந்தச் சிரிப்பு. இன்னொரு முறை யாரும் பாப்பாவைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. இன்னொரு காரணம், டிரைவர் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார் என்கிற தைரியம். அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கே போவதில்லை. கையில் இருப்பது பட்டன் போன். வீடியோ கீடியோ எல்லாம் அதில் வராது. "நீங்க வர வேண்டாங்க, அங்க எல்லாம் சின்னப் பசங்க" என்று இவள் சொன்னபோது, "எனக்கு எதுக்கு அதெல்லாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வீட்டில் இருப்பது கெடாமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாநாட்டு நாள் வந்தது. மேடைக்குப் பின்னால் பேசுகிறவர்களுக்கென்று ஓர் அறை. பழைய சோபா, பெரிய கண்ணாடி, தட்டு நிறைய பிஸ்கட். குட்டிப்பெண் கண்ணாடி முன்னால் நின்று கையை இப்படியும் அப்படியும் வீசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலையேறுகிறவர் பிஸ்கட் தட்டைத் தனி ஆளாகக் காலி செய்துகொண்டிருந்தார். துணையக்கா மூலையில் உட்கார்ந்து தன் பேச்சை முணுமுணுவென்று சொல்லிப் பார்த்தாள். பக்கத்து சோபாவில் கண்ணை மூடியிருந்த நீதிபதி தூங்குகிறார் என்று நினைத்தாள். அவர் தூங்கவில்லை.

"அந்தக் கடைசி வரி யாரு எழுதினதும்மா?"

துணையக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் ஐயா கேக்கறீங்க?"

"பயந்துக்காதே. நாப்பது வருஷம் சாட்சிக்கூண்டையே பார்த்துக்கிட்டு இருந்தவன் நான். நீ மத்தது எல்லாத்தையும் தரையைப் பார்த்துச் சொல்றே. அந்த வரி வந்ததும் மேலே பார்க்கறே. சொல்லிக்கொடுத்த சாட்சி அப்படித்தான் பார்ப்பான்."

சொல்லாமல் இருக்க முடியவில்லை. செருப்புக் கதையைச் சொன்னாள். வகுப்பறையில் சிரித்ததையும் சொன்னாள். நீதிபதி சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் போறோம்னு நினைச்சிருக்கு குழந்தை" என்றார்.

ஒரு வருஷத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு யாரும் இப்படிச் சொன்னதில்லை. 'அவ்வளவுதானா' என்றவர்கள் உண்டு, 'அடப் பாவமே' என்றவர்கள் உண்டு. துணையக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. குட்டிப்பெண் கண்ணாடியை விட்டுவிட்டு ஓடி வந்து, "ஆன்ட்டி, பயமா இருக்கா? எனக்கும்தான்" என்று ஒரு பிஸ்கட்டை அவள் கையில் திணித்தாள்.

"அந்த வரியைச் சொல்லலேன்னா அந்தப் பொண்ணு கோவிச்சுக்குமா ஐயா?"

"என்னை என்ன கேக்கறே? என் வரியையும் அதுதான் எழுதிச்சு. நான் ஒழுங்கா அதையே ஒப்பிச்சுட்டு வந்துடப் போறேன். எனக்குத் தைரியம் பத்தாது" என்றார் நீதிபதி.

ஆனால் துணையக்கா முடிவு பண்ணிவிட்டாள். செருப்பையும் சொல்ல வேண்டாம், அந்த வரியையும் சொல்ல வேண்டாம். 'என் மக போகும்போது நான் பக்கத்துல இருந்தேன்' என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்லிக் கும்பிட்டு இறங்கிவிடுவது. கோச்சிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். கோச் அங்கே இல்லை. ஹாலுக்குப் பின்னால் விளக்கும் திரையும் இயக்குகிற கண்ணாடி அறைக்குப் போய்விட்டாள் என்றார்கள். அதற்குள் இவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் ஏறினால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் கண்ணைக் கூசியது. எதிரே கும்மிருட்டு, அந்த இருட்டுக்குள் நூற்றுக்கணக்கான பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருவகையில் அது நல்லதாகப் போயிற்று. வார்டில் விளக்கணைத்த பிறகு உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசினாள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினாள். ஒரு கிழவர் தன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு கிரிக்கெட் ஸ்கோர் கேட்டதைச் சொன்னபோது சிரித்தார்கள். அது சிரிக்க வேண்டிய இடம்தான். அப்புறம் பாப்பாவிடம் வந்தாள்.

"என் மக போகும்போது நான் பக்கத்துல இருந்தேன்" என்றாள். நன்றி சொல்ல வாயைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒரு விளக்கு எரிந்தது.

மாநாட்டில் அது ஒரு வழக்கம். பேசுகிறவருக்குத் தெரியாமல் அவர் வீட்டு ஆளைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார்த்திவைத்து, முடிக்கிற நேரத்தில் அவர் மேல் விளக்கைத் திருப்புவார்கள். அப்புறம் குட்டிப்பெண் பேசியபோது அவள் தாத்தாவுக்கும் அப்படித்தான் செய்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். துணையக்காவின் வீட்டுக்காரருக்காகக் கோச் நேரே டிப்போவுக்கே போயிருக்கிறாள். வர மாட்டேன் என்றவரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருக்கிறாள். தன் சொந்த அக்காவுக்குச் செய்கிற மாதிரி ஆசை ஆசையாகச் செய்திருக்கிறாள்.

வெளிச்சத்தில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டிருந்தார். சமையலறை வாசலில் நிற்கும்போது இருக்கிற அதே முகம்.

துணையக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நன்றி என்கிற வார்த்தைகூட வரவில்லை. நல்லவேளை, அந்த வரியைச் சொல்லவில்லை, நல்லவேளை, நல்லவேளை என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

கண்ணாடி அறையிலிருந்த கோச் என்ன நினைப்பாள்? அக்கா மறந்துவிட்டாள் என்றுதான் நினைப்பாள். பாவம், வீட்டுக்காரரைப் பார்த்ததும் தடுமாறிவிட்டாள், நாம் கைகொடுப்போம் என்று அந்த வரியைத் திரையில் போட்டுவிட்டாள்.

துணையக்காவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ஒருத்தர் எழுந்தார், பத்துப் பேர் எழுந்தார்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹால் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. நாம் ஒன்றும் சொல்லவில்லையே, எதற்கு இப்படித் தட்டுகிறார்கள்? டிரைவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம் அவருக்கு. அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அவளைவிடப் பெரிய எழுத்தில் பின்னால் நின்றுகொண்டிருந்தது: அப்பா வந்தா சொல்லும்மா, நான் தனியா இல்லைன்னு.

மேடைக்குப் பின்னால் வந்ததும் கோச் ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். "எப்படிக்கா அப்படி நிறுத்தினீங்க! சொல்லாமலே சொல்லிட்டீங்களேக்கா! இந்த மாதிரி ஒரு முடிவை நான் பார்த்ததே இல்ல!" என்றாள். துணையக்கா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். வேறு என்ன செய்ய? டிரைவர் வாசலில் வந்து நின்றார். நீதிபதி அவரைப் பார்த்தார், துணையக்காவைப் பார்த்தார், தலையைக் குனிந்துகொண்டார்.

"போலாமா?" என்றார் டிரைவர்.

பஸ்ஸில் அவர் வழக்கமாகக் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். ஓட்டுகிறவரின் கையைப் பார்க்கப் பிடிக்காது. அன்றைக்கு நேரே முன்னால் போய், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தார். ஓட்டுகிறவர் கியர் மாற்றும்போதெல்லாம் இவர் இடதுகால் தானாக இல்லாத கிளட்சை மிதித்தது. துணையக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். அந்த முகத்தை அவள் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. தூங்கி எழுந்த முகம்.

"என் நெனப்பு இருந்திருக்கு அவளுக்கு" என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று துணையக்கா மனசைத் திடப்படுத்திக்கொண்டாள். பஸ்ஸில் வைத்துச் சொல்ல முடியாது. அது அவ சொன்னது இல்லைங்க, அந்தப் பொண்ணு எழுதினது, நான் சொல்லவே இல்லை, திரையில அவங்களா போட்டுட்டாங்க. இப்படி வரிசையாகச் சொல்லிவிடுவது. அடித்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் டிரைவர் சட்டையைக் கழற்றவில்லை. சமையலறை வாசலுக்கும் வரவில்லை. கூடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

"இங்க பாரு."

"என்னங்க?"

"நடுங்குதா? பாரு. அங்க உக்கார்ந்திருக்கும்போதே நின்னுடுச்சு. நாளைக்கு டிப்போவுல வண்டி கேக்கப் போறேன்."

கை நடுங்கவில்லை. காய்த்துப்போன இரண்டு பெரிய கைகள், ஆடாமல் அசையாமல் அவள் முன்னால் இருந்தன. வரிசையாகச் சொல்ல வைத்திருந்ததைச் சொல்லத் துணையக்காவுக்கு மனசு வரவில்லை. சொன்னால் இந்தக் கை மறுபடி நடுங்கும். இந்த முறை நடுங்கினால் நிற்காது.

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

"ஏன் எங்கிட்டேருந்து மறைச்சே?"

அவள் அவருடைய மடங்கிய கையையே பார்த்தாள்.

"தினமும் கேட்டேன். தினமும். பிச்சைக்காரன் மாதிரி அந்த வாசல்ல வந்து நின்னு கேட்டேன். ஊரு பேரு தெரியாத பசங்ககிட்ட எல்லாம் சொல்றே, எங்கிட்ட சொல்ல வாய் வரலையா உனக்கு?"

"மறைச்சிட்டேங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேற்று ஆள் குரலாகக் கேட்டது.

"அதான் ஏன்னு கேக்கறேன்."

ஏன் என்பதற்கும் ஒன்று வேண்டும் அல்லவா? வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "பொறாமைங்க. ராத்திரி பகலா பக்கத்துல இருந்தது நான். எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலே. உங்களுக்குத்தான் சொன்னா. அதைத் தாங்க முடியலே."

டிரைவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தாள், திட்டவில்லை. அடிப்பார் என்று நினைத்தாள். அவர் என்றைக்குமே கை நீட்டியதில்லை, இன்றைக்கும் நீட்டவில்லை. அவர் பார்த்த பார்வையில் அருவருப்பு இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. இனி அது போகாது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எப்படி மனசு வந்துச்சு உனக்கு? செத்துப்போற பிள்ளை செருப்பைக் கேட்டான்னு கதை கட்டியிருக்கியே. எங்கேருந்து பிடிச்சே அதை? ஒரு வருஷம் அதையே சொல்லி என்னை வேக வெச்சியே. என் பொண்ணு மேல எனக்கே கோவம் வந்துச்சு, தெரியுமா? அப்பனை மறந்துட்டு செருப்பைக் கேட்டிருக்காளேன்னு."

துணையக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவள் ஒரு வருஷம் அத்தனை பாடும் பட்டாள். அது இப்போது அவள் கட்டிய கதை ஆகிவிட்டது. இல்லைங்க, அதுதான் நிஜம் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் மட்டும் நம்பவா போகிறார்? திரையில் அத்தனை பெரிய எழுத்தில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"இனிமே அந்தச் செருப்புப் பேச்சு இந்த வீட்டுல வரக் கூடாது."

"வராதுங்க."

"ஆஸ்பத்திரியில போய் உக்கார்றியே ஞாயித்துக்கிழமை, அதுவும் இதுக்குத்தானா? பண்ணின பாவத்துக்கா?"

அதற்கும் தலையாட்டினாள். எதைக் கேட்டாலும் தலையாட்டுவது என்று ஆகிவிட்டது.

வெளியே யாரோ சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். அப்புறம் டிரைவர் முகம் மாறியது. கோபம் அடங்கி, பழைய ஆவல் வந்து உட்கார்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை மறைச்சவ இன்னும் எத்தனை மறைச்சிருப்பே. அவ வேற என்னல்லாம் சொன்னா? எல்லாத்தையும் சொல்லிடு. எனக்கு ஒண்ணு விடாம வேணும்."

"அவ்வளவுதாங்க சொன்னா."

"அப்படித்தான் ஒரு வருஷமா சொல்லிட்டு இருந்தே."

"தண்ணி குடிச்சிட்டு வரேங்க" என்று சமையலறைக்குள் போனாள். குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள். சாகப்போகிற ஒரு பெண் தன் அப்பாவுக்கு வேறு என்னவெல்லாம் சொல்லி அனுப்புவாள்? ஒன்றும் தோன்றவில்லை. இப்படி வார்த்தை தேடிக் கொடுப்பதற்குத்தான் அந்தக் கோச் பெண் இருந்தாள். இங்கே யார் இருக்கிறார்கள்? தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"யோசிச்சு எல்லாம் சொல்லாதே. நடந்ததைச் சொல்லு."